வீட்டுக்குள் மிளகுக் கொடி: இலைக்கு அடியில் கண்ணாடி மணிகள், பூச்சியா?

சாளரத்தோட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குள் தொட்டியில் ஒரு மிளகுக் கொடி வளர்க்கிறேன். தெரிந்தவர் ஒருவர் தன் கொடியிலிருந்து மூன்று நான்கு கணு இருக்கிற மாதிரி நறுக்கித் தந்தார், தண்ணீரில் போட்டு வைத்து வேர் விட்டதும் மண்ணுக்கு மாற்றினேன், ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கிழக்குப் பார்த்த ஜன்னல், காலை வெயில் கொஞ்ச நேரம் படும், மற்றபடி நாள் முழுக்க வெளிச்சம் மட்டும்தான். கொடி ஓடுகிறது, சாகவில்லை, ஆனால் மூன்று விஷயம் புரியவில்லை. எங்கே கேட்டாலும் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

முதலாவதுதான் அவசரம். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் கடுகில் பாதிகூட இல்லாத அளவில், நிறமே இல்லாமல் பளபளவென்று உருண்டையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. நரம்பை ஒட்டி அதிகம். இளம் தண்டிலும் இலைக்காம்பிலும்கூட இருக்கிறது. சிலது கறுத்துப் போயிருக்கிறது. விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும், ஆனால் அடுத்த தளிர் விரியும்போது அதிலும் வந்துவிடுகிறது. பூச்சி முட்டை என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டிருக்கிறேன், குறையவே இல்லை. பக்கத்தில் வேறு செடிகளும் இருக்கின்றன, அவற்றுக்கும் பரவிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இரண்டாவது, கொடி தொட்டியிலிருந்து இறங்கித் தரையைப் பார்த்து மெல்லிசாக நீண்டுகொண்டே போகிறது. கணுவுக்குக் கணு நிறைய இடைவெளி, இலை போகப் போகச் சின்னதாகிறது. ஒரு பக்கக் கிளைகூட இல்லை, பூவும் இல்லை. உரம் போதவில்லையா?

மூன்றாவது, பழைய இலைகளின் நுனி பழுப்பாகிக் காய்கிறது. தண்ணீர் அதிகமாகிவிட்டதா, குறைவா என்று தெரியவில்லை.

கணுக்கொடி:

நண்பரே, முதல் வேலையாக வேப்பெண்ணெயை நிறுத்துங்கள். அது முட்டை இல்லை. செடியே உண்டாக்குகிற மணிகள், முத்துச் சுரப்பிகள் என்று சொல்லலாம். மிளகு இனத்துச் செடிகள் பலவற்றில் இது உண்டு, இலையின் அடித்தோலிலிருந்து ஒரு குட்டைக் காம்பில் எழும்பி உருண்டு நிற்கும். உள்ளே கொழுப்புச் சத்து. வெதுவெதுப்பும் ஈரப்பதமும் நன்றாக இருந்து தளிர் வேகமாக வரும்போதுதான் இவை அதிகம் தெரியும், ஆகவே இதைப் பார்த்துக் கவலைப்பட ஒன்றுமே இல்லை, சந்தோஷப்படலாம். வயதாகும்போது வற்றிக் கறுத்துவிடும், நீங்கள் பார்த்த கறுப்பு மணிகள் அவைதான்.

எதற்காகச் செடி இப்படி மெனக்கெடுகிறது என்றால், எறும்புக்காக. மத்திய அமெரிக்கக் காடுகளில் இந்த இனத்துச் செடிகள் சில, இலைக்காம்பின் குடைவுக்குள்ளேயே எறும்புக்கு இடம் கொடுத்து இந்த மாதிரி மணிகளைத் தீனியாகவும் கொடுக்கின்றன, பதிலுக்கு எறும்பு அந்தச் செடியில் வந்து ஒட்டும் பூச்சி முட்டைகளை அகற்றுகிறது. நம் மிளகில் அவ்வளவு நெருக்கமான ஏற்பாடு கிடையாது, ஆனாலும் மணிகள் வருகின்றன. எனக்கு இந்தச் செடியில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். ஒரு பூதக்கண்ணாடி கிடைத்தால் காலை வெளிச்சத்தில் இலையைத் திருப்பிப் பாருங்கள், ஒவ்வொரு மணியும் தனித்தனியாக, தெளிவாக, வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொண்டு நிற்கும். ஊசி முனையால் ஒன்றைக் குத்தினால் உடைந்து ஈரம் மட்டும் மிஞ்சும். முட்டையாக இருந்தால் பெரும்பாலும் கூட்டமாக, ஒரே இடத்தில் அடுக்கி வைத்திருக்கும், உடைத்தால் ஓடு மிஞ்சும்.

நிஜப் பூச்சி எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மணிதானே என்று விட்டுவிட்டு உண்மையான ஆபத்தைக் கவனிக்காமல் போகக் கூடாது. மாவுப்பூச்சி இலைக் கக்கத்திலும் கணுவிலும் வெள்ளையாக, பஞ்சு பஞ்சாக ஒட்டியிருக்கும். செதில் பூச்சி தண்டிலும் நரம்பிலும் பழுப்புத் தட்டையாக இருக்கும், நகத்தால் நெம்பினால்தான் பெயரும். மாவுப்பூச்சி இருந்தால் கீழ் இலையின் மேல்புறம் பிசுபிசுக்கும், சிலவகைச் செதில் பூச்சிக்கும் அப்படித்தான். சிலந்திப் பேன் வந்தால் இலையின் மேல்பக்கம் ஊசி குத்தினது மாதிரி வெளிர் புள்ளிகள் வரும், அடியில் மெல்லிய நூலாம்படை தெரியும். வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துக்கொண்டு இலையைத் தட்டுங்கள். விழுந்தது நகர்ந்தால் பேன், நகராமல் கிடந்தால் மணி.

பக்கத்துச் செடிகளைப் பற்றிப் பயமே வேண்டாம், இது பரவுகிற சமாசாரம் இல்லை. இத்தனை நாள் அடித்த எண்ணெய் இலையில் படலமாகப் படிந்திருக்கும், ஈரத் துணியால் இரு பக்கமும் மெதுவாகத் துடைத்து விடுங்கள். மணி போகிறதே என்று பார்க்க வேண்டாம், மறுபடி வரும்.

நிழல்மரம்:

மணி விஷயம் முடிந்தது, நான் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உரம் காரணமே இல்லை. இலை போகப் போகச் சின்னதாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும், உங்கள் தொட்டியில் இருப்பது என்ன என்று சொல்லிவிடலாம்.

மிளகில் ஒரே கொடியில் மூன்று விதமான தண்டு உண்டு, இது தெரியாமல் எத்தனை வருடம் வளர்த்தாலும் செடி புரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் பிறந்த கொடி அது, மரத்தில் தொற்றி ஏறினால்தான் அதற்கு வாழ்க்கை. மரம் கிடைக்காதவரை தரையோடு ஓடும். அந்த ஓடு தண்டு மெல்லிசு, கணு தூரம் தூரமாக இருக்கும், இலை சின்னது, மண்ணைத் தொட்ட கணுவிலெல்லாம் வேர் போட்டுக்கொண்டே போகும். ஏறுவதற்கு ஒன்று கிடைத்துவிட்டால் தண்டின் போக்கே மாறிவிடும். தடிக்கும், கணுக்கள் நெருங்கும், இலை அகலமாகும், கணுவுக்குக் கணு பற்று வேர் கொத்தாக வந்து மரத்தைப் பிடித்துக்கொள்ளும். இது ஏறு தண்டு. அப்புறம், அந்த ஏறு தண்டின் இலைக் கக்கங்களிலிருந்து பக்கவாட்டில் கிளைகள் நீளும். அவற்றில் பற்று வேர் இருக்காது, ஏறவும் ஏறாது. பூச்சரம் வருவது அந்தப் பக்கக் கிளையில்தான், இலைக்கு நேர் எதிர்ப்பக்கம் கணுவிலிருந்து தொங்கும்.

ஆகவே கொடியைத் தொங்கவிட்டு வளர்க்கிறவரை உங்களுக்குக் கிடைப்பது ஓடு தண்டு மட்டும்தான். அதில் பக்கக் கிளையும் வராது, பூவும் வராது, நீங்கள் எவ்வளவு நல்ல உரம் போட்டாலும் சரி. அலங்காரத்துக்குத் தொங்கினால் போதும் என்றால் அப்படியே விடலாம், தப்பில்லை. ஆனால் மிளகு மிளகாக வளர வேண்டும் என்றால் பிடித்து ஏற ஒரு கம்பம் கொடுங்கள்.

வெறும் மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டினால் போதாது. பற்று வேர் உள்ளே இறங்க ஈரம் வேண்டும். கைத்தடி பருமனில் உள்ள ஒரு பிளாஸ்டிக் குழாயில் தேங்காய் நாரை நன்றாக இறுக்கிச் சுற்றுங்கள், அல்லது கம்பி வலையை உருளையாக மடக்கி உள்ளே நார்க்கழிவை அடைத்துவிடுங்கள், இரண்டாவது இன்னும் நல்லது, ஈரம் வெகுநேரம் நிற்கும். தொட்டியின் அடிவரை ஊன்றி, நாலு அடியாவது மேலே நிற்கட்டும். கொடியின் பக்கத்தில் சரியாகக் கவனித்தால் கணுவில் பற்று வேர் முளைக்கிற பக்கம் ஒன்று இருக்கும், சின்னச் சின்ன முடிச்சாகத் தடவும்போது தட்டுப்படும். அந்தப் பக்கம் கம்பத்தைத் தொடும்படி வைத்துப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். நூல் கணுவின் மேல் விழக் கூடாது, கணுவுக்குச் சற்றுக் கீழே விழட்டும். கம்பத்துக்கு மேலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமான கம்பத்தை வேர் தானாகப் பிடித்துக்கொள்ளும், காய்ந்த கம்பத்தில் வருடம் முழுக்க நூல்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

இப்போது தரையில் நீண்டு கிடக்கிற கொடியை வெட்டி எறிந்துவிடாதீர்கள். பக்கத்தில் சின்னத் தொட்டிகளை வரிசையாக வைத்து, ஒரு கணுவை ஒரு தொட்டி மண்ணில் அழுத்தி வளைந்த கம்பியால் குத்தி நிறுத்துங்கள், அடுத்த கணு அடுத்த தொட்டியில். நாற்றங்கால்களில் இதே முறையில்தான் கன்று பெருக்குகிறார்கள். வேர் பிடித்ததும் நடுவில் நறுக்கினால் ஒவ்வொன்றும் தனிச் செடி. அதில் இரண்டு மூன்றை எடுத்து அதே கம்பத்தைச் சுற்றி நட்டால் கம்பம் முழுக்க இலை மூடிவிடும், ஒற்றைக் கொடி அடியில் மொட்டையாகத் தெரியும்.

ஈரமண்:

நுனி காய்வதைப் பற்றி. நுனி மட்டும் மொறுமொறுவென்று காய்ந்து மீதி இலை பச்சையாக இருந்தால் பெரும்பாலும் காற்று வறட்சி, இல்லாவிட்டால் தண்ணீரில் உள்ள உப்பு. மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் உப்பு. தொட்டியைக் குளியலறைக்கு எடுத்துக்கொண்டு போய் அடித் துளை வழியாகத் தாராளமாக ஓடுகிற அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டு ஒரு முறை அலசிவிடுங்கள், மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. மிளகுக்குச் சற்றுப் புளிப்பான மண்தான் பிடிக்கும், கார அமில அளவு 5.5 முதல் 6.5 வரை. கடினத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் அது மெல்ல மெல்ல ஏறிவிடும்.

கீழ் இலைகள் மஞ்சளாகித் தளர்ந்து உதிர்ந்தால் அது வேறு கதை, வேருக்குக் காற்றுப் போகவில்லை. தட்டில் தண்ணீர் தேங்க விடவே கூடாது. மேல் மண்ணில் விரலை ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் தண்ணீர், ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். கிழமை பார்த்துத் தண்ணீர் விடுகிற பழக்கம் இந்தச் செடிக்கு ஆகாது. மண் கலவை தோட்டமண், நார்க்கழிவு, மக்கிய உரம் சம பங்கு, அதோடு கரடுமுரடான மணலோ, பெர்லைட் என்கிற எடை குறைந்த வெள்ளைத் துகளோ அரைப் பங்கு. விட்ட தண்ணீர் நிற்காமல் இறங்கிவிட வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். இலையில் கருந்திட்டு தோன்றி மளமளவென்று பெரிதாகி, கணுக்கள் கறுத்து, தொட்டாலே தண்டு கணுவில் கழன்றால் அது அழுகல் நோய். பைட்டோப்தோரா என்கிற நுண்ணுயிர், மிளகுத் தோட்டங்களையே அழித்துவிடுகிற எதிரி, தேங்கிய ஈரத்தில்தான் பெருகும். அதற்கு முன்பே டிரைக்கோடெர்மா என்கிற நன்மை செய்யும் பூஞ்சையை மக்கிய உரத்தில் கலந்து மண்ணில் போட்டு வைப்பது நல்ல பாதுகாப்பு. வந்த பிறகு வேர்ப்பகுதியைக் காப்பாற்றுவது அரிது, மேலே ஆரோக்கியமாக இருக்கிற நுனித் துண்டை வெட்டிப் புது மண்ணில் வைத்துப் பார்க்கலாம்.

குளிர்சாதனக் காற்று நேராகப் படுகிற இடம் வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே போனால் செடி தாங்காது, 15க்குக் கீழேயே வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும், அந்த நாட்களில் தண்ணீரையும் உரத்தையும் குறைத்துவிட வேண்டும். காற்று வறட்சிக்குக் காலை மாலை இரண்டு வேளையும் இலைமேல் தண்ணீர் தெளியுங்கள், அது போதும்.

கணுக்கொடி:

ஈரமண் ஐயா, மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன், தெளிப்பதில் மட்டும் மாறுபடுகிறேன். இலைமேல் தெளித்த தண்ணீர் காய்கிற வரைக்கும்தான் அந்த ஈரப்பதம், கொஞ்ச நேரத்தில் அறை பழையபடி ஆகிவிடும். அதோடு காற்றோட்டம் இல்லாத மூலையில் இரவு முழுக்க இலை நனைந்தே இருந்தால் நீங்களே எச்சரித்த அழுகலுக்கு நாமே வழி பண்ணிக் கொடுத்த மாதிரி ஆகிறது. செடிகளை நெருக்கமாகக் கூட்டி வைப்பது, ஈரப்பதக் கருவி வைப்பது, ஈரக் கம்பம், இவைதான் நின்று பலன் தரும். தெளித்தே ஆக வேண்டும் என்றால் காலையில் மட்டும்.

ஒரே ஒரு சமயத்தில் நானும் தெளிப்பானை எடுப்பேன், பூச்சரம் வந்த பிறகு. மிளகுப் பூவுக்கு இதழ் கிடையாது, தேனீயை எதிர்பார்த்துக் காத்திருக்காது. சரத்தில் அடியிலிருந்து நுனிவரை பூக்கள் நாள் கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும், மகரந்தத்தை வாங்கிக்கொள்கிற சூல்முடி முதலில், மகரந்தம் பிறகு. காட்டில் மழைத்துளி சரத்தின் வழியாக வழிந்து இறங்கும்போது மகரந்தத்தையும் கீழே எடுத்துக்கொண்டு போகிறது. வீட்டுக்குள் மழை இல்லை, ஆகவே அந்த நாட்களில் காலையில் சரத்தின் மேல் மென்மையாகத் தெளிக்கலாம், சரத்தை விரலால் லேசாக அசைத்தும் விடலாம்.

ஈரமண்:

சரத்துக்குத் தெளிப்பது சரி. இரவில் இலை ஈரமாக இருக்கக் கூடாது என்பதும் சரிதான், மாலைத் தெளிப்பை விட்டுவிடலாம். காலைத் தெளிப்பை நான் விட மாட்டேன், இலைத் தூசி போவதற்காகவாவது அது வேண்டும்.

புதியதளிர்:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற மிளகை ஊற வைத்து நட்டால் முளைக்குமா?

நிழல்மரம்:

முளைக்காது. கறுப்பு மிளகு, முற்றிய ஆனால் பழுக்காத பச்சைக் காயைப் பறித்துக் காயவைத்தது, பல இடங்களில் வெந்நீரில் முக்கியும் எடுப்பார்கள், உள்ளே உயிர் இருக்காது. வெள்ளை மிளகு பழுத்த பழத்தின் தோலை நீக்கினது, ஆனாலும் நன்றாகக் காய்ந்துவிடுவதால் அதுவும் உதவாது. விதை வேண்டும் என்றால் கொடியில் சிவந்த பழமாகவே பறித்து, தோலை நீக்கி, காயவிடாமல் உடனே விதைக்க வேண்டும். அப்படி வந்த செடியும் தாய்ச்செடி மாதிரியே இருக்கும் என்று சொல்ல முடியாது, காய்க்கவும் பல வருடம் ஆகும். துண்டு வைத்து வளர்ப்பதே நேர்வழி.

சாளரத்தோட்டம்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தாளைப் பிடித்துத் தட்டிப் பார்த்தேன், எதுவும் நகரவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தேன், கணுக்கொடி சொன்ன மாதிரியே ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது, அவ்வளவு அழகு, இதையா இத்தனை நாள் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன் என்று இருந்தது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவும் இருக்கிறது, இன்றே அலசிவிடுகிறேன்.

கம்பத்துக்கு நார் வாங்கியாகிவிட்டது. கடைசியாக ஒன்று. கம்பத்தில் ஏற்றி, பக்கக் கிளை வந்து, பூப்பதற்கு வீட்டுக்குள் எவ்வளவு காலம் ஆகும்? இடமும் குறைவு. புதர் மிளகு என்று ஒன்று தொட்டியிலேயே காய்க்கும் என்கிறார்களே, அது தனி இனமா?

நிழல்மரம்:

தனி இனம் இல்லை, அதே மிளகுதான். முன்னால் சொன்ன பக்கக் கிளையை வெட்டி வேர் பிடிக்க வைத்தால் அது வளர்ந்த பிறகும் பக்கக் கிளையாகவே இருக்கும், ஏறுகிற குணம் வராது, குட்டையாகப் புதர்கட்டிக்கொண்டு அதிலேயே சரம் விடும். ஓடு தண்டை நட்டால் ஓடும், பக்கக் கிளையை நட்டால் காய்க்கும், துண்டு எந்த இடத்திலிருந்து வந்ததோ அதன் சுபாவம் அப்படியே கூட வரும். மூன்று விதத் தண்டு என்று நான் அவ்வளவு நீட்டிச் சொன்னது இதற்காகவும்தான்.

கம்பத்துக் கொடி தோட்டத்திலேயே மூன்றாம் வருடம் வாக்கில்தான் காய்க்கத் தொடங்கும், ஜன்னல் வெளிச்சத்தில் இன்னும் தள்ளிப்போகும். புதர் மிளகு முதல் வருடத்திலேயே சரம் காட்டும். வீட்டுக்குள் காய் பார்க்க ஆசை என்றால் என் யோசனை புதர்தான், இலையழகுக்குக் கம்பத்துக் கொடி. இரண்டுமே வைத்துக்கொள்ளலாம்.

பக்கக் கிளைத் துண்டு சுலபத்தில் வேர் விடாது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், ஓடு தண்டு தண்ணீரில் வேர் விட்ட மாதிரி இதை எதிர்பார்க்க வேண்டாம். மூன்று நான்கு கணு உள்ள, பச்சை மாறி லேசாக முதிர்ந்த கிளையாக எடுங்கள். நுனி இலை ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கிள்ளி, வெட்டுவாயில் வேரூக்கிப் பொடி தொட்டு, ஈர நார்க்கழிவில் ஒரு கணுவாவது புதையும்படி ஊன்றி, தொட்டியோடு சேர்த்து ஒளி ஊடுருவும் பாலிதீன் பையால் மூடிக் கட்டுங்கள். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் இருக்கட்டும். இழுத்துப் பார்த்துச் சோதிக்காதீர்கள். புதுத் தளிர் வந்ததும் பையை ஒரேயடியாகக் கழற்றாமல் முதலில் மூலையில் ஓட்டை போட்டு, சில நாள் கழித்து வாயைத் திறந்து, அப்புறம்தான் எடுக்க வேண்டும்.

நாற்றுப் பண்ணையில் வாங்குவதாக இருந்தால் ஒட்டுக் கட்டிய புதர் மிளகும் கிடைக்கும். அடியில் இருப்பது தென் அமெரிக்க ஈரநிலத்துத் திப்பிலி வகை, அழுகல் நோயைத் தாங்கும், தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளும். அதில் ஒட்டுக்குக் கீழேயிருந்து வேறு மாதிரி இலையோடு தளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள், விட்டால் அடிச்செடி மேலே ஓடி மிளகை அமுக்கிவிடும். ரகம் கேட்டு வாங்க முடிந்தால் கரிமுண்டா கேளுங்கள், நிழலைத் தாங்கும். பன்னியூர் 1 நல்ல விளைச்சல் ரகம், ஆனால் அடர் நிழலுக்கு ஒத்துவராது, வீட்டுக்குள் அதை வைத்தால் செடி விளக்கு தேவைப்படும்.

கணுக்கொடி:

விளக்கு வைப்பதானால் வெள்ளை எல்இடியே போதும், நாளுக்கு 12 மணி நேரம், இலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. பூச்சரம் வந்த பிறகு தொட்டியை இடம் மாற்றாதீர்கள், திருப்பியும் வைக்காதீர்கள், காய் பிடிக்கிறவரை அதே ஜன்னலில் அதே பக்கமாக இருக்கட்டும். பிடித்த காய் சிவக்க ஆறு முதல் எட்டு மாதம் எடுக்கும், நடுவில் சரத்தில் ஒன்றிரண்டு காய் உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். முதல் காய் சிவந்ததுமே சரத்தோடு பறித்துவிடலாம், மற்றதெல்லாம் அதற்குள் முற்றியிருக்கும்.